நிறுப்பதற்கு முன் தராசை நிறுத்துப் பார்ப்போம்

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில், கிராணியாகப் பணிபுரியும் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கூலி உயர்வைப் பற்றியன்று, போனஸைப் பற்றியன்று, வீட்டுக் கூரையைப் பற்றியுமன்று. அவை ஒப்பந்த மேசையில் பேசப்படும் விஷயங்கள். அந்த மேசையின் முன் நம் பிரதிநிதிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து வாதாடி, கிலோவுக்கு இத்தனை காசு என்று ஒரு விகிதத்தை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அப்படி வாங்கி வந்த காசை, பால் ஸ்டோரில் தொங்குகிற ஒரு துருப்பிடித்த தராசு, யாரும் அறியாமல், யாரையும் கேட்காமல், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்துக்கொண்டுவிடக் கூடும். இன்று நாம் பேச வந்தது அந்தத் தராசைப் பற்றித்தான். அதற்குத் துணையாக நிற்கும் மெட்ரோலாக்கைப் பற்றியுந்தான்.

அடிப்படைக் கூலி ஒரு புறம் இருக்கட்டும். எடைக்குக் கிடைக்கும் வரும்படி மூன்று எண்களால் ஆனது. எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்பது ஒன்று. அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பது இரண்டு. உலர்ந்த ரப்பர் ஒரு கிலோவுக்கு எத்தனை காசு என்பது மூன்று. இந்த மூன்றையும் பெருக்கித்தான் செக்ரோலில் தொகை விழுகிறது. மூன்றாவது எண்ணைக் காப்பதற்கு நாம் ஒரு சங்கத்தையே வைத்திருக்கிறோம். முதல் இரண்டு எண்களைக் காப்பதற்கு என்ன வைத்திருக்கிறோம்? இதைத்தான் இன்று நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

“குறைந்தபட்சச் சம்பளம் இருக்கிறதே, பிறகென்ன?” என்று சிலர் கேட்கலாம். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவில் அந்தச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நல்லது. ஆனால் அது தரை. தரையில் நிற்பதற்காக மட்டும் நாம் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போவதில்லை. தரைக்கு மேல் ஒருவர் எவ்வளவு உயர்கிறார் என்பதை அவர் வெட்டிய பாலின் எடைதான் முடிவு செய்கிறது. ஆகவே தராசு தவறினால் உயர்வு தவறியது.

தோழர்களே, அளவுக் கருவியை எப்படி நடத்த வேண்டும் என்பதை நமக்குக் கற்பிக்க வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. தொழிற்சாலையை ஒட்டிய பட்டறைக்குப் போய் அங்குள்ள பிட்டரைப் பாருங்கள். ஓர் அச்சுத் தண்டின் பருமனை அளக்க அவர் மைக்ரோமீட்டரை எடுக்கிறார். எடுத்தவுடன் தண்டில் வைப்பதில்லை. முதலில் அதன் வாயை வெறுமையாக மூடிப் பார்க்கிறார். மூடிய வாயில் பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யத்துக்குப் பதில் நூற்றில் இரண்டு மில்லிமீட்டர் காட்டினால், அந்த இரண்டை ஒவ்வோர் அளவிலும் கழித்துக்கொள்கிறார். அல்லது கருவியைத் திருத்திவிட்டு வேலையைத் தொடங்குகிறார். வெர்னியர் அளவுகோலானாலும் அதே வழக்கந்தான். அந்த அளவுகோலின் நுணுக்கத்தைப் பியேர் வெர்னியர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1631ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆகியும், பூஜ்யத்தைப் பார்க்காமல் அதை நம்புகிற நல்ல பிட்டர் ஒருவருமில்லை.

ஓர் இரும்புத் தண்டுக்கு இந்த மரியாதை கிடைக்கிறது. மனிதனுடைய உழைப்பை அளக்கும் கருவிக்கு இதைவிடக் குறைந்த மரியாதை போதுமா?

வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமையைப் பேசும்போது துலாக்கோலைத்தான் உவமை காட்டினார். அந்தக் கோல் முதலில் தான் சமமாக நிற்கிறது. அதன் பிறகே தன்மேல் வைத்த பொருளைச் சீர்தூக்குகிறது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் சமம், பிறகு நிறுவை. பட்டறைப் பிட்டர் செய்வதும் அதுவே. நம் பால் ஸ்டோரில் நடக்க வேண்டியதும் அதுவே.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, நுண்மை வேறு, உண்மை வேறு. பேட்டரியில் ஓடும் புதுத் தராசு 23.46 கிலோ என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. புள்ளிக்குப் பின் இரண்டு எண்கள் இருப்பதைக் கண்டு நாம் மயங்கிவிடுகிறோம். அது பத்துப் பத்துக் கிராமாகக் காட்டுகிறது என்பதுதான் அதற்குப் பொருள். சரியாகக் காட்டுகிறது என்பதன்று. தராசு சரிமட்டமாக நிற்காவிட்டால், அடித் தட்டுக்குள் பால் வழிந்து கட்டியிருந்தால், அதே இரண்டு புள்ளி எண்களோடு அழகாகத் தவறு சொல்லும்.

இரண்டாவது, ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு, சரியான பதிலைச் சொல்வது வேறு. “மூன்று முறை வைத்துப் பார்த்தோம், மூன்று முறையும் அதே எடைதான்” என்று சொல்லக் கேட்கிறோம். பூஜ்யம் அரைக் கிலோ தள்ளி நிற்கும் தராசு முப்பது முறை வைத்தாலும் அதே அரைக் கிலோவைத் தள்ளியே காட்டும். ஒரு பொய்யை மாறாமல் சொல்வதால் அது மெய்யாகிவிடாது.

இனி மெட்ரோலாக்குக்கு வருவோம். மரத்திலிருந்து வரும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். மரத்தின் வகை, பருவம், இலையுதிர் காலம், மழை ஆகியவற்றுக்கேற்ப அந்தப் பங்கு ஏறும், இறங்கும். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பால் இலேசாக இருக்கும். மிதவைக் கருவி அதில் ஆழமாக அமிழும். தண்ணீர் மிகுந்தால் கருவி மேலே எழும்பும். மாட்டுப் பாலுக்கு வைக்கும் பால்மானியில் இது தலைகீழ். அங்கே தண்ணீர் கலந்தால் கருவி அமிழும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், ஸ்டோரில் யார் எதைப் படித்துச் சொன்னாலும் நம் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பால் கெட்டியாக இருப்பதால் தண்ணீர் சேர்த்துத்தான் மெட்ரோலாக்கை மிதக்க விடுகிறோம். ஒரு குவளைப் பாலுக்கு இரண்டு குவளைத் தண்ணீர் என்று கலந்தால், படித்த எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். கருவி 110 காட்டினால், லிட்டருக்கு 330 கிராம் ரப்பர். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. எண்ணை மூன்றால் பெருக்கும்போது அதிலுள்ள தவறையும் மூன்றால் பெருக்குகிறோம். 110ஐ 105 என்று படித்துவிட்டால் தவறு 5 அன்று. லிட்டருக்கு 15 கிராம். கணக்குக்காகச் சொல்கிறோம்: ஒருவர் நாளொன்றுக்கு 20 லிட்டர் பால் கொண்டுவந்தால் 300 கிராம் போயிற்று. மாதத்தில் 25 நாள் வெட்டினால் 7.5 கிலோ உலர்ந்த ரப்பர் போயிற்று. ஒருவரும் திருடவில்லை, ஒருவரும் பொய் சொல்லவில்லை. குச்சியில் ஐந்து கோடுகள் தவறின, அவ்வளவுதான்.

அந்த ஐந்து கோடுகள் எப்படித் தவறுகின்றன? வாளியிலிருந்து பாலை உயரத்தில் பிடித்து ஊற்றினால் நுரை எழும்பும். நுரையோடு சேர்த்து அளந்த குவளையில் முழுக் குவளைப் பால் இராது. காற்றும் சேர்ந்துதான் இருக்கும். அதற்கு இரண்டு முழுக் குவளைத் தண்ணீர் விட்டால் கலவை நீர்த்துவிடும், எண் இறங்கிவிடும். நட்டம் பால் கொண்டுவந்தவருக்கு. கருவியின் தண்டில் பால் ஒட்டிக் காய்ந்திருந்தால் அதன் எடையும் பருமனும் மாறிவிடும். காட்டும் எண்ணும் மாறும். உலோகக் கருவி கீழே விழுந்து நசுங்கினாலும் அப்படியே. வெப்பத்துக்கும் பங்கு உண்டு. கருவி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கென்று கோடிடப்பட்டது. வெயிலில் சூடேறிய பால் இலேசாகி அதிகம் காட்டும். குளிர்ந்த தண்ணீர் கலந்தால் குறைத்துக் காட்டும். கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவராமல் நின்றபடியே மேலிருந்து பார்த்தாலும் கோடு தப்பும்.

மெட்ரோலாக் சொல்வது மதிப்பீடு, தீர்ப்பன்று. உண்மையான அளவு வேண்டுமானால், நிறுத்தெடுத்த மாதிரிப் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, மெல்லிய தகடாக அழுத்தி, கழுவி, 70 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வெண்மை நீங்கும் வரை உலர்த்தி, மறுபடியும் நிறுக்க வேண்டும். அந்த எடைதான் தீர்ப்பு. நாள்தோறும் ஒவ்வொருவர் பாலுக்கும் அதைச் செய்ய நேரம் இராது. ஆனால் வாரத்தில் சில மாதிரிகளை இப்படிச் சோதித்து, மெட்ரோலாக் சொன்னதோடு ஒப்பிட்டால், கருவி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது வெளிச்சமாகிவிடும்.

நம் பக்கத்துக் கடமையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பாலில் தண்ணீர் கலப்பதால் இலாபம் இல்லை. பத்து லிட்டர் பால், லிட்டருக்கு 330 கிராம் என்றால் 3.3 கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டால் பன்னிரண்டு லிட்டர், லிட்டருக்கு 275 கிராம். மறுபடியும் அதே 3.3 கிலோ. தூக்கின தோள்வலிதான் மிச்சம். எல்லாருடைய பாலையும் சேர்த்து ஒரே சராசரி போடுகிற இடத்தில் மட்டும் கலந்தவருக்கு இலாபம் கிடைக்கும். ஆனால் அந்த இலாபம் கம்பெனியின் பணத்திலிருந்து வருவதன்று, அடுத்த நிரையில் வெட்டுகிற சகோதரியின் கூலியிலிருந்து வருவது. சரியான தராசு வேண்டும் என்று கேட்கிறவர்கள் சரியான பாலைக் கொண்டுவர வேண்டும்.

இனித் தராசு. வில் தராசில் ஸ்பிரிங் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். துருப்பிடித்துச் சிக்கினால் குறைத்துக் காட்டும். இரு தட்டுத் தராசில் கைகள் ஒரே நீளமாக இல்லாவிட்டால், இடத் தட்டில் ஓர் எடையும் வலத் தட்டில் வேறோர் எடையும் வரும். பொருளைத் தட்டு மாற்றி வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மேடைத் தராசில் ஒரே எடைக்கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து இடங்களிலும் ஒரே எண் வர வேண்டும். அம்மோனியாவும் ஆசிட்டும் புழங்குகிற ஸ்டோரில் இரும்புக்கு ஆயுள் குறைவு என்பதை நாம் அறிவோம். அப்படிப்பட்ட இடத்தில் தராசை ஆண்டுக்கொரு முறை துடைத்துப் பெயின்ட் அடித்தால் போதாது.

வாளியின் எடையை மறந்துவிடாதீர்கள். வாளிக்கு இரண்டு கிலோ என்று பொதுவாகக் கழிப்பது சில இடங்களில் வழக்கம். பழைய தகர வாளிக்கு அது பொருந்தலாம். புதிய பிளாஸ்டிக் வாளி ஒன்றரைக் கிலோதான் என்றால், ஒவ்வொரு நிறுவைக்கும் அரைக் கிலோ பால் காணாமற் போகிறது. மாறாக, உள்ளே பால் தோலாகக் காய்ந்து தடித்த வாளியானால் நட்டம் ஸ்டோருக்கு. ஒவ்வொரு வாளியையும் தனித்தனியே நிறுத்து, அதன் எடையை அதன் பக்கத்திலேயே எழுதிவிட்டால் இந்த வழக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

இந்நாளில் பல தோட்டங்களில் பாலாக எடுக்காமல், மங்கிலேயே உறைய விட்டுக் கட்டியாக எடுக்கிறார்கள். கட்டிக்கு மெட்ரோலாக் இல்லை. பாதி ரப்பர், பாதி தண்ணீர் என்று வைத்துக்கொண்டு நூற்றுக்கு ஐம்பது கணக்கிடுவது வழக்கம். அன்றைக்கே எடுத்த ஈரக் கட்டிக்கும், நான்கு நாள் நீர் வடிந்த கட்டிக்கும் அதே ஐம்பதா? உண்மையில் ஐம்பத்தைந்து உள்ள கட்டி 20 கிலோ கொண்டுவந்தவருக்கு 11 கிலோ ரப்பர் சேர வேண்டும். 10 கிலோதான் எழுதப்படும். எந்த நாள் நிறுப்பது, எத்தனை நாள் வடிய விடுவது என்று ஒழுங்கு செய்யாமல் எடையை மட்டும் பேசுவது அரைப் பேச்சு.

கேளுங்கள் தோழர்களே! நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இராத்தல் இருந்தது, காட்டி இருந்தது, பிக்குள் இருந்தது. பதினாறு தகில் ஒரு காட்டி. நூறு காட்டி ஒரு பிக்குள். அது 133⅓ இராத்தல். பிறகு 1972ஆம் ஆண்டின் நிறுவை அளவைச் சட்டம் வந்து, மெட்ரிக் முறை நிலைபெற்று, கிலோவும் லிட்டரும் வழக்கத்துக்கு வந்தன. அளவின் பெயர் மாறியது, கேள்வி மாறவில்லை. தராசை யார் சோதித்தார்? எப்போது சோதித்தார்? அதே சட்டப்படி, சந்தையில் மீன் விற்பவரின் தராசும் காய்கறிக்காரரின் தராசும் அதிகாரப்பூர்வமாகச் சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். ஒரு கிலோ மீன் வாங்குகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு நாள் உழைப்பைக் கொட்டுகிறவரும் முத்திரை எங்கே என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது. அந்தப் பிடித்தங்களில் ‘தராசுப் பிடித்தம்’ என்று ஒன்று இல்லை. பேப்பரில் எழுதிப் பிடித்தால் நாம் சண்டைக்குப் போகிறோம். முள்ளில் பிடித்தால் பேசாமல் வீட்டுக்குப் போகிறோம். இரண்டும் ஒன்றுதான்.

இப்போது, எழுத்து வேலை பார்க்கும் நாங்கள் எங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எடை குறைந்தால் முதலில் சந்தேகப்படுவது கிராணியைத்தான். பென்சில் எங்கள் கையில் இருக்கிறது. ஆகவே குற்றமும் எங்கள் தலையில் விழுகிறது. தராசு கூட்டிக் காட்டினால் துரை எங்களைக் கேட்கிறார். குறைத்துக் காட்டினால் நீங்கள் எங்களைக் கேட்கிறீர்கள். சோதிக்கப்படாத கருவி பால்வெட்டுகிறவரின் கூலியைத் தின்கிறது. கிராணியின் பெயரையும் சேர்த்துத் தின்கிறது. ஆகவே இது பால்வெட்டுகிறவருக்கும் கிராணிக்கும் இடையே உள்ள வழக்கன்று. இருவரும் ஒரே பக்கத்தில் நின்று கருவியைக் கேள்வி கேட்க வேண்டிய வழக்கு. மனிதரைச் சந்தேகிக்கும் முன் கருவியைச் சோதியுங்கள். கருவி சரியென்று தெரிந்த பிறகும் கணக்கு உதைத்தால், அப்போது மனிதரைக் கேளுங்கள்; பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

ஆதலால் இந்தக் கிளை நிர்வாகத்திடம் பின்வருவனவற்றைக் கேட்டு எழுத வேண்டும் என்று முன்மொழிகிறோம்.

ஒன்று: நிறுவை தொடங்குமுன், நாள்தோறும், தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் முன்னிலையில் தராசின் பூஜ்யத்தைப் பார்க்க வேண்டும். முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்த்து, வந்த எண்ணை ஒரு புத்தகத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு: மெட்ரோலாக்கை ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும். நுரை அடங்கிய பிறகே குவளையில் அளக்க வேண்டும். படித்த எண்ணைப் பால் கொண்டுவந்தவர் காதில் விழச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

மூன்று: வாரந்தோறும் சில மாதிரிகளை உலர்த்தி நிறுத்து, மெட்ரோலாக்கோடு ஒப்பிட்டு, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

நான்கு: ஒவ்வொரு வாளிக்கும் அதனதன் எடையை எழுத வேண்டும். கட்டிக்கு வடியும் நாளை நிர்ணயிக்க வேண்டும்.

ஐந்து: ஆண்டுக்கொரு முறை தராசை அதிகாரப்பூர்வமாகச் சோதிக்கச் செய்து, முத்திரையின் தேதி எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும்.

ஆறாவது ஒன்று உண்டு, அதுவே முக்கியமானது. மாத முடிவில் இரண்டு தொகைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாருடைய பெயரிலும் எழுதப்பட்ட உலர் ரப்பரின் மொத்தம் ஒரு பக்கம். அதே பாலிலிருந்து தொழிற்சாலையில் வந்த உலர் ரப்பரின் மொத்தம் மறுபக்கம். தொழிற்சாலைக்குப் போகும் வழியில் பால் சிந்தும், தொட்டியில் ஒட்டும்; ஆகவே அங்கே சிறிது குறைவது இயல்பு. ஆனால் மாதந்தவறாமல் அங்கே கூடுதலாக வந்துகொண்டேயிருந்தால் அதற்கு என்ன பொருள்? தொட்டிக்குள் ரப்பர் முளைப்பதில்லை. கூடுதலாக வந்தது யாரோ வெட்டிய பால். யாருடைய பெயரிலும் எழுதப்படாத பால்.

இவற்றில் ஒன்றுகூட நிர்வாகத்தை நட்டப்படுத்தும் கோரிக்கையன்று. இரண்டு எடைக்கல், ஒரு புத்தகம், ஒரு வாளித் தண்ணீர், காலையில் ஐந்து நிமிடம், அவ்வளவே செலவு. கருவி கூட்டிக் காட்டுவது தெரிந்தால் அதையும் திருத்த நாம் சம்மதிக்கிறோம். நமக்குச் சாதகமான தவறையும் நாம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. அப்படிச் சொல்லத் துணிந்தவனுக்குத்தான் பாதகமான தவறைத் தட்டிக் கேட்கும் உரிமை உண்டு.

இன்று நம்மோடு நிரையில் இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் நிற்கிறார்கள். அவர்கள் பேச்சு நமக்கு முழுதும் புரியாது. நம் பேச்சு அவர்களுக்குப் புரியாது. தராசு முள் எல்லார்க்கும் ஒரே மொழியில்தான் பேசுகிறது. அது உண்மை பேசுமாறு செய்வது நம் பொறுப்பு. நாளை நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது, உங்கள் வாளியைத் தூக்கி வைக்குமுன் ஒரு வார்த்தை மட்டும் கேளுங்கள்: “வெறுந்தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா, ஐயா?” கேட்பவர் குரலில் கோபம் வேண்டாம். பதில் சொல்பவர் முகத்தில் சுளிப்பும் வேண்டாம். பட்டறையில் தினமும் கேட்கப்படும் கேள்விதான் அது.

தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறோம். ஆதரித்துக் கைதூக்குமாறு வேண்டி அமர்கிறோம்.